சுல்தானின் தூணைப் படித்த பிரின்ஸெப் துரை



நம் மடலில் இதுகாறும் இமாம்கள், வலிமார்கள், கொடை வள்ளல்கள் ஆகியோரின் சரித்திரங்களே வெளிவந்திருக்கின்றன. இம்முறை ஒரு வெள்ளைக்காரரின், அதிலும் கிழக்கிந்தியக் கம்பெனியிடம் சம்பளம் வாங்கிய ஓர் உத்தியோகஸ்தரின் சரித்திரத்தை எழுதப் புகுந்திருக்கிறோம். பேராக்கின் பால்மரத் தோட்டங்களை அறிந்த குடும்பத்தாருக்குத் துரை என்றால், விடியற்காலையில் பெரட்டுக் களத்தில் கைத்தடியோடு நின்றவரின் நினைவுதான் வரும். அப்படிப்பட்ட துரை ஒருவருக்கு நம் மடலில் என்ன வேலை என்று அன்பர்கள் கேட்கலாம். கேட்பதும் நியாயமே.

ஜேம்ஸ் பிரின்ஸெப் வியாபாரி வீட்டுப் பிள்ளை. நம் முன்னோர்கள் எண்ணி வாங்கிய வெள்ளி ரூபாய்க்கும், பொன் நிறுத்த தோலாவுக்கும் ஒரே நிறை ஏற்படப் பாடுபட்டவர். காசியில் விழ இருந்த ஒரு பள்ளிவாசலின் மினாராக்களைச் செப்பனிட்டுக் கொடுத்தவர். இவற்றுக்கெல்லாம் மேலாக, டில்லி சுல்தான் ஒருவர் அரும்பாடுபட்டுக் கொண்டுவந்து பள்ளிவாசலின் அருகே நிறுத்திவிட்டு, அதில் என்ன எழுதியிருக்கிறது என்று அறியாமலே மவுத்தாகிவிட்ட ஒரு கல்தூணை, ஏறத்தாழ 480 ஆண்டுகளுக்குப் பின் படித்துச் சொன்னவர். ஆகவே முதலில் அந்தச் சுல்தானின் விஷயத்தைச் சொல்லிவிட்டுப் பிறகு துரையிடம் வருவோம்.

1351 முதல் 1388 வரை டில்லியை ஆண்டவர் சுல்தான் பிரோஸ் ஷா துக்ளக். டில்லிக்கு வடக்கே டோப்ரா என்னும் கிராமத்தில் ஒரே கல்லாலான தூண் ஒன்று நிற்பதை அவர் கண்டார். ஏறக்குறைய 42 அடி நீளம். 27 டன் எடை. அதைத் தாம் புதிதாகக் கட்டிய பிரோஸாபாத் நகருக்குக் கொண்டுசெல்ல வேண்டும் என்று விரும்பினார். அவ்வேலை நடந்த விதத்தை அப்போது 12 வயதுச் சிறுவராக இருந்த ஷம்ஸ் சிராஜ் அஃபீஃப் பிற்காலத்தில் தம் சரித்திர நூலில் விவரமாக எழுதி வைத்தார். தூணைச் சுற்றிலும் இலவம் பஞ்சை மலைபோல் குவித்தார்கள். அடியில் மண்ணைத் தோண்டத் தோண்ட, தூண் பஞ்சு மெத்தையின் மேல் மெல்லச் சாய்ந்தது. பிறகு பஞ்சைக் கொஞ்சங் கொஞ்சமாக உருவித் தூணைத் தரைக்கு இறக்கினார்கள். நாணலாலும் பச்சைத் தோலாலும் சுற்றி, 42 சக்கரங்கள் பூட்டிய வண்டியில் ஏற்றி, சக்கரத்துக்கொரு வடம் கட்டி ஆயிரக்கணக்கானோர் இழுத்து யமுனைக் கரை சேர்த்தார்கள். அங்கிருந்து பெரிய படகுகளில் பிரோஸாபாத். ஒரு பீரோவை மாடிக்கு ஏற்றுவதற்குள் சுவரில் நாலு இடம் பெயர்த்துவிடும் இந்நாளில், இந்த வேலையை எண்ணினால் பிரமிப்பாகத்தான் இருக்கிறது.

தூண் ஜாமிஆ பள்ளியின் அருகே நிறுத்தப்பட்டது. அதன்மேல் வரிசை வரிசையாக எழுத்துகள். கோடும் வட்டமும் கொக்கியுமாக இருந்த அவ்வெழுத்துகளைப் படிக்கச் சொல்லிச் சுல்தான் பண்டிதர்களை அழைத்துக் காட்டினார். ஒருவராலும் இயலவில்லை. பின்னாளில் வந்த ஐரோப்பிய யாத்திரிகர் தாமஸ் கோரியட், அவை கிரேக்க எழுத்துகள் என்றும் தூண் அலெக்ஸாந்தர் நாட்டியது என்றும் நம்பிவிட்டார். இதே எழுத்துகள் அலகாபாத் கோட்டைத் தூணிலும் இருந்தன. அந்தத் தூணில்தான் ஜஹாங்கீர் பாதுஷா தம் மூதாதையர் வரிசையைப் பார்சியில் பொறித்திருக்கிறார். பாதுஷாவின் எழுத்தை யாவரும் படித்தார்கள். பக்கத்திலிருந்த பழைய எழுத்து ஊமையாகவே இருந்தது.

இனி நம் கதாநாயகர். ஜேம்ஸ் பிரின்ஸெப் 1799-ம் ஆண்டு ஆகஸ்ட் 20-ம் தேதி இங்கிலாந்தில் பிறந்தார். தகப்பனார் ஜான் பிரின்ஸெப் 1771-ல் அநேகமாக வெறுங்கையோடு வங்காளம் வந்து, அவுரிச் சாயத்திலும் துணியிலும் பொருள் ஈட்டி, 1787-ல் செல்வந்தராகத் தாயகம் திரும்பியவர். துணிக்கடை வைத்திருப்போருக்கு அவுரியின் அருமையைச் சொல்ல வேண்டியதில்லை. ஆனால் சம்பாதித்த செல்வம் நிலைக்கவில்லை. பின்னர் நஷ்டங்கள் வந்தன. பிள்ளைகளோ ஏராளம். ஜேம்ஸ் பத்தாவது குழந்தை. ஆகவே ஆண்மக்களில் பலர் பிழைப்புக்கு இந்தியாவுக்கே அனுப்பப்பட்டார்கள். கடல் கடந்து போனால்தான் அடுப்பெரியும் என்ற நிலை நம்மவர்க்கு மட்டும் வந்ததல்ல.

ஜேம்ஸுக்குச் சிறு வயதிலேயே சித்திரம் எழுதுவதிலும் கைவேலையிலும் அபார சாமர்த்தியம் இருந்தது. கட்டடக் கலை பயின்றார். கண்ணில் நோய் கண்டது. நுணுக்கமான வரைபட வேலை இனி ஆகாது என்றாயிற்று. அப்போது தகப்பனார், இந்தியாவில் நாணயச் சாலையில் மாற்றுப் பார்க்கும் உத்தியோகம் ஒன்று கிடைக்கக்கூடும் என்று அறிந்து, பிள்ளையை இரசாயனம் படிக்க வைத்து, லண்டன் நாணயச் சாலையின் மாற்று அதிகாரியிடம் தொழில் பழக விட்டார். 1819 செப்டம்பரில், 20 வயதில், ஜேம்ஸ் கல்கத்தாவில் வந்து இறங்கினார். ஓராண்டுக்குள் காசி நாணயச் சாலைக்கு மாற்று அதிகாரியாக அனுப்பப்பட்டார்.

காசியில் ஏறத்தாழ பத்து ஆண்டுகள். உத்தியோகம் என்னவோ வெள்ளியின் மாற்றுப் பார்ப்பதுதான். ஆயினும் கை சும்மா இருக்கவில்லை. நகர் முழுவதையும் அளந்து படம் வரைந்தார். தேங்கிக் கிடந்த ஏரிகளின் நீரை வடிக்கப் பூமிக்கடியில் வளைவுச் சாக்கடை கட்ட உதவினார். கரம்நாசா ஆற்றின் குறுக்கே கற்பாலம் எழுப்பினார். கங்கைக் கரையில் பஞ்சகங்கா படித்துறையின் மேல் ஒளரங்கஸீப் பாதுஷா கட்டிய பள்ளிவாசலின் உயர்ந்த மினாராக்கள் விழுந்துவிடும் நிலையில் இருந்தன. அவற்றைச் செப்பனிட்டு நிமிர்த்திய வேலையிலும் துரையின் கை இருந்தது. பிற்காலத்தில் அம்மினாராக்கள் போய்விட்டன, பள்ளிவாசல் இருக்கிறது. வேற்று மதத்தார் ஒருவர் தம் வேலை நேரம் போக மிச்ச நேரத்தில் அல்லாஹ்வின் வீட்டுக்குச் செய்த ஒத்தாசையை நாம் மறக்கலாகாது என்பதே எமது கருத்து.

அவர் செய்த தராசைப் பற்றியும் ஒரு வார்த்தை. மாற்றுப் பார்ப்பதற்கென்றே ஒரு தராசு செய்தார். ஒரு கிரெயினில் 3000-ல் ஒரு பங்கு வித்தியாசத்தையும் அது காட்டியது. நெல் உமியைப் பொடி செய்து போட்டாலும் முள் அசையும் என்று வைத்துக்கொள்ளுங்கள். உலையின் வெப்பத்தை அளக்க வழி கண்டார். அதற்காக 1828-ல் லண்டன் ராயல் சொஸைட்டி அவரை அங்கத்தினராக ஏற்றுக்கொண்டது. அப்போது வயது 28 தான்.

1830-ல் காசி நாணயச் சாலை மூடப்பட்டது. பிரின்ஸெப் கல்கத்தா வந்தார். அங்கே அவருடைய சகோதரர் தாமஸ் குதிரையிலிருந்து விழுந்து இறந்துபோக, அவர் பாதியில் விட்ட கால்வாய் வேலையை இவர் முடித்துக் கொடுத்தார். 1832-ல் கல்கத்தா நாணயச் சாலையின் மாற்று அதிகாரி ஆனார். ஏஷியாடிக் சொஸைட்டியின் காரியதரிசியும் ஆனார். அச்சபையின் மாதப் பத்திரிகைக்கு ஆசிரியரும் அவரே.

அந்நாளில் நாட்டில் ஊருக்கொரு ரூபாய். கல்கத்தா சிக்கா ரூபாய் ஒரு நிறை, சென்னை ரூபாய் ஒரு நிறை, பரூக்காபாத் ரூபாய் வேறு. ஓர் ஊர்க் காசை மற்றோர் ஊரில் கொடுத்தால் சராப்புக் கடைக்காரர் கழிவு பிடித்துக்கொள்வார். சரக்கில் வந்த லாபம் காசு மாற்றுவதில் போகும். நாடு முழுவதற்கும் ஒரே ரூபாய், ஒரே எடை வேண்டும் என்று பிரின்ஸெப் விடாது வாதாடினார். 1833-ல் தோலா 180 கிரெயின் என்று நிலைநாட்டப்பட்டது. 1835-ல் கம்பெனி ஆட்சிப் பகுதி முழுவதற்கும் 180 கிரெயின் எடையும் அதில் 165 கிரெயின் சுத்த வெள்ளியும் கொண்ட ஒரே ரூபாய் வந்தது. இன்றும் தங்கச் சந்தையில் பத்துத் தோலாக் கட்டி என்றால் 116 கிராமுக்குச் சற்று அதிகம் என்று வியாபாரிகள் சொல்கிறார்களே, அது அந்தக் கணக்குத்தான். அதுவரை நாணயங்களில் ஷா ஆலம் பாதுஷாவின் பெயர் இருந்தது. புது ரூபாயில் இங்கிலாந்து அரசரின் தலை ஏறியது. வியாபாரத்துக்கு நன்மை, ஆனால் மனதுக்குச் சற்று வேதனை. இரண்டையும் சொல்லத்தான் வேண்டும்.

வெள்ளியை நிறுக்கும் கை பழைய காசுகளையும் தொட்டது. நாணயச் சாலைக்கு வந்த பழங்காசுகளில் தெரியாத எழுத்துகளைக் கண்டு ஆவல் கொண்டவர், சபைக்கு வந்த கல்லெழுத்துப் படிகளையும் பார்க்கலானார். 1834-ல் அலகாபாத் தூணின் எழுத்துகளை லெப்டினன்ட் பர்ட் என்பவர் படியெடுத்து அனுப்பினார். பிரின்ஸெப் அதைப் படிக்க முயலவில்லை. மாற்றுப் பார்ப்பவர் அல்லவா, முதலில் எண்ணினார்.

நம் தமிழில் க என்னும் உடலோடு கால் சேர்ந்தால் கா, மேலே சுழித்தால் கி, முன்னே கொம்பு போட்டால் கெ. அதுபோலவே அந்தக் கல்லெழுத்திலும் ஒரே உடலில் சிறு சிறு கோடுகள் மேலும் கீழும் பக்கத்திலும் ஒட்டியிருப்பதைக் கண்டார். எல்லா உடல்களையும் தனித்தனியே பிரித்து, ஒவ்வொன்றும் எந்தெந்தக் கோட்டோடு எத்தனை தடவை வருகிறது என்று பட்டியல் போட்டார். ஆகவே இது கிரேக்கமன்று, நம் நாட்டு எழுத்துகளின் மூதாதை என்று தெளிந்தார். டில்லித் தூண், அலகாபாத் தூண், நேபாளத்து ஹாட்ஜ்ஸன் துரை படியனுப்பிய பீகார்த் தூண் ஆகியவற்றைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்தார். எல்லாவற்றிலும் ஒரே வாசகம்! ஒவ்வொரு பகுதியும் ஒரே எழுத்து வரிசையோடு தொடங்குகிறது. படிக்கத் தெரியாமலே இவ்வளவும் கண்டுவிட்டார்.

இந்த எண்ணும் வித்தை நம்மவர் ஒருவருடையது என்பதை இங்கே சொல்லாமல் விடலாகாது. கூஃபாவில் பிறந்து பக்தாதில் வாழ்ந்து சுமார் 873-ல் மறைந்த அறிஞர் அல்கிந்தி, மறைத்தெழுதிய கடிதங்களை வெளிப்படுத்துவது பற்றி ஒரு ரிஸாலா எழுதினார். ஓர் எழுத்துக்குப் பதில் வேறோர் அடையாளம் வைத்து எழுதிய கடிதம் கையில் கிடைத்தால், அது எந்த மொழி என்று அறிந்துகொண்டு, அம்மொழியில் சாதாரணமாக எழுதிய ஒரு பக்கத்தை எடுத்து எந்த எழுத்து எத்தனை தடவை வருகிறது என்று எண்ண வேண்டும். பிறகு கடிதத்தின் அடையாளங்களையும் எண்ண வேண்டும். அதிகம் வருவதை அதிகம் வருவதோடு பொருத்திப் பார்க்க வேண்டும். அறபியிலே அலிபும் லாமும் முந்தி நிற்கும் என்பது ஓதத் தெரிந்த எவருக்கும் விளங்கும். அந்த ரிஸாலாவின் கையெழுத்துப் பிரதி இஸ்தன்பூலில் இருந்தது. 1987-ல் டமாஸ்கஸில் அச்சேறியது.

இதன் உண்மையை நாம் அனுபவத்தில் அறிந்தோம். ஈப்போவில் நமது துணிக்கடையில் ஒவ்வொரு சரக்கின் அட்டையிலும் வாங்கிய விலையை எழுத்தால் குறித்து வைப்பது வழக்கம். பத்து வெவ்வேறு எழுத்துள்ள ஒரு தொடர்; ஒவ்வோர் எழுத்தும் ஓர் இலக்கம். வேலையாட்களுக்குத் தெரியும், வாடிக்கைக்காரருக்குத் தெரியாது. ஒரு நாள் மொத்தக் கடையிலிருந்து வந்த ஓர் இளைஞர், நாம் வேறு இடத்தில் வாங்கிய கைலியின் அடக்க விலையைக் காசு பிசகாமல் சொல்லிவிட்டுச் சிரித்தார். எமக்கு முகம் வெளுத்துவிட்டது. எப்படி என்று கேட்டோம். அட்டைகளில் கடைசி எழுத்து அநேகமாக ஒன்றே. ஆகவே அது பூஜ்யம். அதற்கு முந்தியது ஒன்று அதுவாகவே இருக்கும், இல்லாவிட்டால் வேறு ஒரே எழுத்து, அது ஐந்து. மற்ற எழுத்துகளுக்கு, அவரே எமக்கு விற்ற சரக்குகளின் விலை அவருக்குத் தெரியுமே! பத்து எழுத்தும் அரைமணி நேரத்தில் விழுந்துவிட்டன. அன்றிரவு கடையை அடைத்துவிட்டு விடிய விடிய எல்லா அட்டைகளையும் மாற்றி எழுதினோம்.

பிரின்ஸெப்பிடம் எண்ணிக்கை இருந்தும் 1834-ல் பூட்டுத் திறக்கவில்லை. காரணம், அம்மொழி சமஸ்கிருதம் என்று அவர் எண்ணியிருந்தார். உண்மையில் அது பாமர மக்கள் பேசிய பிராகிருதம். மொழியைத் தவறாக எடுத்துக்கொண்டால் எழுத்தைச் சரியாக எண்ணியும் பயனில்லை.

இதுவும் எமக்குப் புரியாத விஷயமன்று. எமது பாட்டனார் சுங்கை சிப்புட் பக்கத்துத் தோட்டங்களில் சைக்கிளில் துணி மூட்டை கட்டிக்கொண்டுபோய்க் கடனுக்கு விற்றுச் சம்பள நாளில் வசூல் செய்தவர். அவருடைய கணக்குப் புத்தகம் முழுவதும் அறபுத் தமிழில் இருந்தது. எழுத்து அறபு, பேச்சோ தமிழ். அவர் மவுத்தான பின் உறவுக்காரப் பிள்ளை ஒருவர், அறபு நன்றாகப் படித்தவர், அதை எடுத்து வைத்துக்கொண்டு அறபுச் சொற்களைத் தேடித் தேடிக் களைத்துப்போய், பாட்டனார் ஏதோ இஸ்மு எழுதி வைத்திருக்கிறார் என்று முடிவு கட்டிவிட்டார். ழ, ள, ட முதலிய ஓசைகளுக்காகப் புள்ளி கூட்டிய எழுத்துகளை மதரஸாவில் உஸ்தாது காட்டிக் கொடுத்திருந்தபடியால் நாம் வாய்விட்டு வாசித்தோம், மறுகணமே தமிழாகிவிட்டது. யார் யார் எத்தனை முழம் வாங்கினார்கள் என்பதோடு, பாட்டனார் தாம் ஒருவருக்குக் கொடுக்க வேண்டிய தொகை ஒன்றும் கடைசிப் பக்கத்தில் இருந்தது. அந்தத் தோட்டம் இன்று எண்ணெய்ப் பனை, லயங்கள் இல்லை, குடும்பங்கள் பிரிந்து போயின. உரியவரின் வாரிசைத் தேடிக்கொண்டிருக்கிறோம். வாசிக்கப்படாமல் போயிருந்தால் அக்கடன் பாட்டனாரின் கழுத்திலேயே நின்றிருக்கும்.

சரித்திரத்துக்குத் திரும்புவோம். பிரின்ஸெப் தனியாக உழைக்கவில்லை. பம்பாயில் ஸ்டீவன்ஸன் பாதிரியார் பிற்காலத்து எழுத்துகளோடு ஒப்பிட்டுச் சில எழுத்துகளை அடையாளம் கண்டார். 1836-ல் ஜெர்மனியில் லாஸன் என்னும் அறிஞர், ஒரு பக்கம் கிரேக்கமும் மறுபக்கம் இந்தக் கல்லெழுத்தும் பொறித்த அகதோக்ளிஸ் மன்னனின் காசைக் கொண்டு அம்மன்னன் பெயரைப் படித்தார். தெரிந்த விலையைக் கொண்டு தெரியாத எழுத்தை அந்த இளைஞர் பிடித்தாரே, அதே வழி. சௌராஷ்டிரக் காசுகளை ஆராய்ந்து, பெயரின் இறுதியில் வரும் ஸ என்னும் எழுத்து இன்னாருடைய என்று பொருள்படும் வேற்றுமை உருபு என்பதைப் பிரின்ஸெப்பும் கண்டிருந்தார்.

1837-ம் ஆண்டு. போபாலுக்கு அருகே சாஞ்சியில் உள்ள பழைய பௌத்த ஸ்தூபியின் கல் வேலிகளில் இருந்த சிறு சிறு எழுத்து வரிகளைக் காப்டன் ஸ்மித் என்பவர் மையொற்றிப் படியெடுத்து அனுப்பினார். பத்திரிகையில் அச்சிடுவதற்காகப் பிரின்ஸெப் அவற்றை ஒரே தாளில் வரிசைப்படுத்திக்கொண்டிருந்தார். அப்போதுதான் கண்ணில் பட்டது: அநேகமாக எல்லா வரிகளும் ஒரே இரண்டு எழுத்துகளில் முடிகின்றன. இரண்டாவதன் பக்கத்தில் ஒரு புள்ளி.

அன்பர்கள் தங்கள் ஊர்ப் பள்ளிவாசலை மனதில் கொண்டு வாருங்கள். மின்விசிறி, சுவர்க் கடிகாரம், குர்ஆன் வைக்கும் ரேஹால், தண்ணீர்க் குழாய் — ஒவ்வொன்றிலும் ஒரு பெயர், அதன் பின் வக்பு என்னும் சொல். நம் எழுத்தே தெரியாத ஒருவர் உள்ளே வந்து பார்த்தால் பெயர்கள் ஒன்றும் விளங்கா. ஆனால் பத்துப் பொருள்களின் இறுதியிலும் ஒரே சொல் நிற்பதைக் காண்பார். வணக்க ஸ்தலத்தில், தனித்தனிப் பொருளில், தனித்தனிப் பெயருக்குப் பின்னால் ஒரே சொல் வருமானால் அது என்னவாக இருக்கும்? கொடுத்தவர் பெயரும் கொடுத்தேன் என்ற சொல்லும்தானே!

பிரின்ஸெப்பும் அவ்வாறே எண்ணினார். ஒன்று இறந்தோர் நினைவாக இருக்க வேண்டும், அல்லது காணிக்கையாக இருக்க வேண்டும்; பர்மாவின் பௌத்தக் கோயில்களில் பக்தர்கள் காணிக்கை வைக்கும் வழக்கம் அவருக்குத் தெரியும். அந்த இரண்டு எழுத்துக்கு முன்னால் பல இடங்களில் அவர் ஏற்கெனவே அறிந்த ஸ நிற்கிறது. இன்னாருடைய — என்ன? தானம்! புள்ளி மகர ஓசை. முதலெழுத்து தா, அடுத்தது ந. நாம் அன்றாடம் வாயால் சொல்லும் அதே தானம்தான்.

தகரமும் நகரமும் கைக்கு வந்ததும் மற்றவை தாமாகவே வந்தன. ஏற்கெனவே தெரிந்திருந்த எழுத்துகளோடு இவற்றையும் வைத்து டில்லித் தூணின் வாசகத்தில் பொருத்திப் பார்த்தார். சில நிமிடங்களில் நெடுங்கணக்கு முழுவதும் பிடிபட்டுவிட்டது. நான்கு ஆண்டு உழைப்பு ஒரு புறம், அந்தச் சில நிமிடங்கள் ஒரு புறம். எழுத்து அறியப்பட்ட பின் பொருள் காண்பதற்குக் கமலாகாந்த வித்யாலங்கார் என்னும் பண்டிதரும், பாலி மொழி அறிந்த ரத்னபாலர் என்னும் இலங்கையரும் உதவினார்கள்.

தூணில் தேவானாம்பிய பியதஸி என்னும் அரசனின் கட்டளைகள் இருந்தன. இவன் யார்? இந்தியாவின் அரச வரிசைகளில் அப்பெயர் காணோம். இலங்கையில் அதையொத்த பெயருடைய அரசன் இருந்தபடியால் அவனாக இருக்கலாம் என்று பிரின்ஸெப் முதலில் கருதினார். கருத்துப் பிசகியது. இலங்கையில் உத்தியோகம் பார்த்த ஜார்ஜ் டேர்னர், பழைய பாலி நூல்களைக் கொண்டு, பியதஸி என்பது மௌரிய அரசன் அசோகனின் மறுபெயர் என்று அதே 1837-ல் தெரிவித்தார். பிரின்ஸெப் தம் கருத்தை உடனே திருத்திக்கொண்டார். பத்திரிகை தம் கையில் இருந்தும் பிழையை மூடி வைக்கவில்லை. 1915-ல் மஸ்கி என்னும் ஊரில் அசோகன் பெயரையே தாங்கிய கல் கிடைத்தபோது டேர்னர் சொன்னது உறுதியாயிற்று.

சுல்தான் கொண்டுவந்த அந்தத் தூணுக்கு ஒரு தனி விசேஷம் உண்டு. மற்றத் தூண்களில் ஆறு கட்டளைகளுக்கு மேல் இல்லை. இதில் மட்டும் ஏழாவது ஒன்று இருக்கிறது. வழிநெடுக ஆலமரங்கள் நட்டதையும், மாந்தோப்புகள் வைத்ததையும், கிணறுகள் தோண்டியதையும், மக்களும் மிருகங்களும் இளைப்பாற இடங்கள் அமைத்ததையும் அரசன் அதில் சொல்லியிருக்கிறான். சுல்தான் பிரோஸ் ஷாவோ, தம் வாழ்நாளில் வாய்க்கால்கள் வெட்டினார், தோட்டங்கள் வைத்தார், சத்திரங்களும் மருத்துவமனையும் கட்டினார். தினமும் கண் முன்னால் நின்ற தூண் என்ன சொல்லுகிறது என்று அவருக்குத் தெரியாது. தெரியாமலே அதைத்தான் செய்துகொண்டிருந்தார்.

1838-ல் குஜராத்தின் கிர்னார்ப் பாறை எழுத்தையும் பிரின்ஸெப் படித்தார். அதில் கிரேக்க அரசன் அந்தியோக்கஸின் பெயரும் எகிப்து அரசன் தாலமியின் பெயரும் கிடைத்தன. இந்தியச் சரித்திரத்துக்கு உறுதியான கால அளவு ஒன்று அதனால் ஏற்பட்டது. அப்பாறையின் இரண்டாம் கட்டளையில் சோழ, பாண்டிய, சேர நாடுகளும் இலங்கையும் குறிக்கப்பட்டுள்ளன.

பிரின்ஸெப் திறந்த அதே எழுத்துத்தான், சிற்சில மாற்றங்களோடு, மதுரையைச் சுற்றியுள்ள மலைக் குகைகளிலும் இருக்கிறது. அதன் மொழி தமிழ் என்பதைக் கே. வி. சுப்பிரமணிய ஐயர் 1924-ல் எடுத்துக்காட்டினார். ஐராவதம் மகாதேவன் அவ்வெழுத்துகளுக்காகவே தம் வாழ்நாளின் பெரும்பகுதியைச் செலவிட்டு 2018-ல் மறைந்தார். அழகர்மலைக் குகையில் துறவிகளுக்குக் கொடை கொடுத்தவர்களாக உப்பு வணிகரும் கொழு வணிகரும் அறுவை வணிகரும் தம் பெயரை வெட்டி வைத்திருக்கிறார்கள். அறுவை என்றால் துணி. சுமார் 2000 ஆண்டுகளுக்கு முன் மதுரைப் பக்கத்தில் துணி விற்ற ஒருவர் கொடுத்த தருமம், இன்று பெயரோடு படிக்கப்படுகிறது. நம் தொழிலைச் சேர்ந்த அவரை எண்ணும்போதெல்லாம் எமக்கு ஒரு சந்தோஷம்.

பிரின்ஸெப்பின் முடிவு வேதனையானது. 1835-ல் கல்கத்தாவில் ஹாரியட் என்னும் பெண்ணை மணந்தார். 1837-ல் ஒரு பெண் குழந்தை பிறந்தது. பகலெல்லாம் நாணயச் சாலை, இரவெல்லாம் பத்திரிகையும் கல்லெழுத்தும் கடிதங்களும். கல்லெழுத்துத் திறந்த அடுத்த ஆண்டே தீராத தலைவலி பிடித்தது. மூளையைப் பற்றிய நோய் என்று தெரிந்தது. 1838 நவம்பரில் கப்பலேற்றி இங்கிலாந்துக்கு அனுப்பினார்கள். அறிவு தெளியவில்லை. 1840 ஏப்ரல் 22-ம் தேதி லண்டனில் காலமானார். வயது 40. வடமேற்கு இந்தியக் காசுகளில் வலமிருந்து இடமாக எழுதிய கரோஷ்டி என்னும் மற்றோர் எழுத்தையும் பாதிக்கு மேல் அவர் படித்திருந்தார். மிச்சத்தைப் பிறர் முடித்தார்கள். தேடிச் சேர்த்த காசுகள் பிரிட்டிஷ் மியூஸியத்துக்குப் போயின. அங்குமிங்கும் சிதறிக் கிடந்த அவர் கட்டுரைகளை எட்வர்ட் தாமஸ் என்பவர் தொகுத்து 1858-ல் வெளியிட்டார்.

கல்கத்தா நகரத்தார் 1843-ல் ஹூக்ளிக் கரையில் அவர் பெயரால் தூண்கள் நிறைந்த மண்டபத்தோடு ஒரு படித்துறை கட்டினார்கள். நெடுங்காலம் கப்பலிலிருந்து இறங்குவோர் அவ்வழியாகத்தான் நகருக்குள் வந்தார்கள். இப்போது ஆறு சற்று விலகிவிட்டது. மண்டபத்துக்கு அருகே 1992-ல் திறக்கப்பட்ட பெரிய பாலமும், பிரின்ஸெப் பெயரையே தாங்கிய சிறு ரயில் நிலையமும் இருக்கின்றன. டில்லியில் பிரோஸ் ஷா கோட்லாவில், இடிந்த பள்ளிவாசலின் பக்கத்தில், சுல்தானின் தூண் நிற்கிறது.